வினைச்சொல் வந்து சேர்வதற்குள் கார் போய்விடுகிறது

2016ஆம் ஆண்டு ஜூன் 19, ஞாயிற்றுக்கிழமை. மாலை ஆறரை மணிக்குச் சற்று முன்பு, வேலந்தாவளத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பிரான்சில் நடக்கும் லு மான் 24 மணி நேரக் கார் பந்தயத்தின் கடைசி நிமிடங்களைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தைய நாள் மாலை நம் நேரப்படி ஆறரைக்குத் தொடங்கிய பந்தயம் அது. இடையில் நான்கு மணி நேரம் தூங்கியிருப்பேன். முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்த 5ஆம் எண் டொயோட்டா, பந்தயம் முடிய மூன்று நிமிடங்களுக்குச் சற்று அதிகமாக இருந்தபோது வேகம் குறையத் தொடங்கியது. காரில் விசையே இல்லை என்று ஓட்டுநர் கசுகி நகாஜிமா ரேடியோவில் தம் அணிக்குச் சொன்னார். தொடக்கக் கோட்டைத் தாண்டியதும் கார் மதிலோரம் நின்றேவிட்டது. பின்னால் வந்த 2ஆம் எண் போர்ஷே அதைக் கடந்து போய் வென்றது. டொயோட்டா எப்படியோ மறுபடி நகர்ந்து ஒரு சுற்றை முடித்தாலும், கடைசிச் சுற்றை ஆறு நிமிடங்களுக்குள் முடிக்க வேண்டும் என்ற விதியால் அதற்குத் தரவரிசையில் இடமே கிடைக்கவில்லை.

நான் போட்ட கூச்சலைக் கேட்டு அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு வெளியே வந்து, "என்னடா ஆச்சு?" என்று கேட்டார். "இருபத்து மூணு மணி நேரம் அம்பத்தேழு நிமிஷமா முதல் இடத்துல ஓடிட்டிருந்த, போன வருசம் தோத்துப்போயி, அதுக்கு முந்தின வருசமும் தோத்துப்போயி..." என்று நான் சொல்லிக்கொண்டே போக, அம்மாவின் முகம் மாறிக்கொண்டே போனது. வாக்கியம் முடியவில்லை. திரையில் போர்ஷே தாண்டிப் போய்விட்டது. அம்மா பொறுமை இழந்து, "யாராச்சும் செத்துட்டாங்களாடா?" என்றார். "நின்னுபோச்சும்மா" என்றேன். "அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கார் பந்தயத்தைத் தமிழில் நேர்முகமாக வர்ணிக்க முயல்கிறவன் தினமும் மோதிக்கொள்ளும் சுவர் இதுதான் என்பது எனக்கு அப்போது தெரியாது. நம் மொழியில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்காருகிறது. என்ன நடந்தது என்பதைச் சொல்லும் சொல்லை அடைவதற்கு முன், எங்கே, எப்போது, எவரை, எதனால் என்ற பட்டியல் முழுவதையும் கடந்தாக வேண்டும். கட்டுரைக்கு அது அழகு. மணிக்கு 180 கிலோமீட்டரில் போகும் வண்டிக்கு அது ஆகாது.

நான்கு பருவங்களாக, கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் உள்ளூர் மன்றங்கள் நடத்தும் சிறு பந்தயங்களுக்கு மைக் பிடிக்கிறேன். தேசியப் போட்டிகளுக்கு என்னைக் கூப்பிடும் அளவுக்கு நான் இன்னும் வளரவில்லை. ஆனாலும் இந்த வேலையை எப்படித் தொடங்குவது என்று கேட்கிறவர்கள் 2025 ஜனவரிக்குப் பிறகு திடீரென்று அதிகமாகியிருப்பதால், எனக்குத் தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

2025 ஜனவரி என்றால் துபாய் 24 மணி நேரப் பந்தயம். அஜித்குமாரின் அணி மூன்றாம் இடம் பெற்றது என்ற செய்தி வந்த அன்று, கொழிஞ்சாம்பாறையில் ஒரு தேநீர்க் கடையில் என்னைச் சுற்றி ஒரு சிறு கூட்டமே கூடிவிட்டது. பந்தயத்தில் ஓடிய எல்லாக் கார்களிலும் மூன்றாவதா என்று ஒருவர் கேட்டார். இல்லை, 991 என்ற பிரிவில் மூன்றாவது என்றேன். அந்தக் காரை அஜித் ஓட்டினாரா என்று இன்னொருவர் கேட்டார். பயிற்சியின்போது பிரேக் பிடிக்காமல் மோதிய விபத்துக்குப் பிறகு அந்தக் காரை ஓட்டுவதிலிருந்து அவர் விலகிக்கொண்டார் என்றும், அதே பந்தயத்தில் வேறொரு அணியின் காரை ஜிடி4 என்ற பிரிவில் ஓட்டினார் என்றும் சொன்னேன். அவருடைய அணியின் காரை அவர் ஓட்டவில்லை, அவர் ஓட்டிய கார் அவருடைய அணியுடையது இல்லை, இரண்டும் ஒரே பந்தயத்தில் வெவ்வேறு பிரிவுகளில் ஓடின. கடைக்காரர் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டு, "அப்ப ஒரே ரோட்டுல எத்தனை ரேஸுங்க நடக்குது?" என்று கேட்டார். ஸ்போர்ட்ஸ் கார் பந்தயத்தைப் பற்றி அதைவிடச் சரியான கேள்வியை நான் கேட்டதில்லை.

ஃபார்முலா ஒன்றில் முதலில் ஓடுகிறவர்தான் முதல்வர், குழப்பமே இல்லை. ஸ்போர்ட்ஸ் கார் பந்தயத்தில் வெவ்வேறு வேகமுள்ள கார்கள் ஒரே தடத்தில் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. லு மானில் இப்போது ஹைப்பர்கார், எல்எம்பி2, எல்எம்ஜிடி3 என்று மூன்று பிரிவுகள். தடத்தின் நீளம் 13.626 கி.மீ.; ஓடுகிற கார்கள் அறுபதுக்கும் மேல்; ஒவ்வொரு காருக்கும் பெரும்பாலும் மூன்று ஓட்டுநர்கள் வீதம் ஏறத்தாழ நூற்றெண்பது பெயர்கள். மூன்றில் வேகமான ஹைப்பர்கார் ஒன்று, மெதுவான ஜிடி3 காரைத் தாண்டிப் போனால் அது முந்துதலே இல்லை, லாரியைப் பஸ் கடப்பது போன்ற அன்றாட விவகாரம். அதன் பின்னாலேயே இரண்டு ஜிடி3 கார்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போனால் அதுதான் சண்டை. பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எது விவகாரம், எது சண்டை என்று பிரித்துச் சொல்லத்தான் வர்ணனையாளரைக் கூப்பிடுகிறார்கள்.

இதை நான் பாடமாகப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை; அவமானப்பட்டுத் தெரிந்துகொண்டேன். அதற்கு முன் பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வேலந்தாவளம் மாநில எல்லையில் இருக்கும் ஊர். சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் கோவை மாவட்டம், இந்தப் பக்கம் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டம். இங்குள்ள காய்கறிச் சந்தைக்குத் தமிழ்நாட்டு விவசாயிகள் சரக்கைக் கொண்டுவருகிறார்கள். கேரளத்து வியாபாரிகள் வாங்கிப் போகிறார்கள். எங்கள் குடும்பத்துக்கு அங்கே ஒரு மண்டி உண்டு. கணக்கு எழுதுவது நான், ஏலம் கூறுவது பெரியப்பா. அவர் ஏலம் கூறும்போது முழு வாக்கியம் பேசி நான் கேட்டதே இல்லை. விலை ஏறும்வரை வெறும் எண்களாகச் சொல்லிக்கொண்டே போவார். முடிந்த நொடியில், "உழுந்திருச்சு பாலக்காட்டுக்கு, நானூத்தி இருவது!" என்பார். முதலில் விழுந்தது என்ற சேதி, அடுத்து யாருக்கு என்பது, கடைசியில் விலை. விழுந்துவிட்டது என்று தெரிந்தால்தான் மற்ற வியாபாரிகள் அடுத்த பெட்டிக்குத் திரும்புவார்கள். யாருக்கு என்று தெரிந்தால்தான் சுமைக்காரர் பெட்டியை எந்த வண்டியில் ஏற்றுவது என்று நகர்வார். விலை எனக்கு மட்டும் வேண்டியது; நான் எழுதிக்கொள்ளக் காத்திருக்கலாம். கேட்கிறவரில் யாருக்கு எது அவசரமோ அந்த வரிசையில் சொற்கள் விழுந்தன. முப்பது ஆண்டுகளாக இதைச் செய்கிறவரிடம் போய், வினைச்சொல்லை ஏன் முன்னால் போடுகிறீர்கள் என்று நான் கேட்டபோது, "அது என்ன எழவோ எனக்குத் தெரியாது கண்ணு, சத்தமா சொல்லோணும், சட்டுனு சொல்லோணும்" என்றார்.

பேச்சுத் தமிழ் இந்த வசதியை எப்போதும் வைத்திருக்கிறது. "வந்துட்டான்யா அவன்", "போச்சு எல்லாம்", "கெடச்சிருச்சுங்க சீட்டு" என்று அவசரத்தில் நாம் எல்லோரும் வினையைத்தான் முதலில் போடுகிறோம். மைக் கையில் வந்ததும்தான் பள்ளிக்கூடத்துக் கட்டுரை நினைவுக்கு வந்து வாக்கியம் நீண்டுவிடுகிறது. "முதல் வளைவின் உள்பக்கமாகப் புகுந்து, நீல நிறத்து 14ஆம் எண் காரை, 7ஆம் எண் கார் முந்தியது" என்று சொல்லி முடிப்பதற்குள் இரண்டு கார்களும் மூன்றாவது வளைவுக்குப் போய்விட்டிருக்கும். அங்கே 14 மறுபடி முந்தியும் இருக்கலாம். "புகுந்தது ஏழு! உள்பக்கம்! பதினான்கு விட்டுக்கொடுக்கவில்லை, இரண்டும் ஒட்டியே போகின்றன, அடுத்த வளைவில் வெளிப்பக்கம் யாருக்கு?" என்று சொன்னால், கண்ணும் வாயும் ஒரே இடத்தில் இருக்கும்.

தமிழ் வானொலியில் கிரிக்கெட்டை வர்ணித்த சாத்தான்குளம் அப்துல் ஜப்பார், கூத்தபிரான், வி. ராமமூர்த்தி போன்றவர்கள் நல்ல தமிழில், முழு வாக்கியங்களில் பேசினார்கள். அந்தக் குரல்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு வர்ணனை என்றாலே அதுதான் இலக்கணம். நானும் முதலில் அப்படித்தான் பேச முயன்றேன். ஆனால் கிரிக்கெட்டில் பந்துக்கும் பந்துக்கும் நடுவில் அரை நிமிடம் கிடைக்கிறது. வீச்சாளர் திரும்பி நடக்கும்போது வாக்கியத்தை முடித்துக்கொள்ளலாம். பந்தயத்தில் யாரும் திரும்பி நடப்பதில்லை. அவர்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது வேறொன்று: இடத்தைச் சொல்லிப் படம் வரைவது. அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்குத் தடத்தின் ஒரு பகுதிதான் நன்றாகத் தெரியும். மறுபுறம் நடப்பது அவருக்கு வானொலிதான்.

பயிற்சியை 2020இல், ஊரடங்கு நாட்களில் தொடங்கினேன். எல்லைச் சாவடி மூடிக் கிடந்தது. மண்டியில் பாதி நாள் வேலை இல்லை. அசெட்டோ கோர்சா காம்பெட்டிஸியோனி என்ற கணினி விளையாட்டில் ஜிடி3 கார்களை மட்டும் ஓட்டும் தமிழ் இளைஞர்கள் சிலர் வாரம் ஒரு பந்தயம் நடத்திக்கொண்டிருந்தார்கள். கோவை, திருச்சி, ஓசூர், துபாய், ஒருவர் மட்டும் தூத்துக்குடி. ஓட்டத் தெரியாது, பேசட்டுமா என்று கேட்டேன். தாராளமாக என்றார்கள். இலவசம்தானே.

தொடங்க நினைக்கிற எவருக்கும் இந்த வழியைத்தான் சொல்வேன். தடத்தில் மைக் கிடைப்பதற்கு முன் குறைந்தது நூறு மணி நேரம் இப்படிப் பேசிப் பழகுங்கள். ஆங்கில வர்ணனையை அணைத்துவிட்டுப் பழைய பந்தயக் காணொளிகளுக்குப் பேசலாம். கைப்பேசியில் பதிவு செய்து மறுநாள் கேட்க வேண்டும். பதிவைக் கேட்பதுதான் கொடுமையான பகுதி. இருபது நிமிடப் பதிவு ஒன்றில் நான் "பாருங்கள்" என்று 41 முறை சொல்லியிருந்தேன். பார்த்துக்கொண்டிருப்பவரிடம் எதற்குப் பாருங்கள்? முதல் சுற்றிலேயே தொண்டை உச்சத்துக்குப் போய்விட்டதால், கடைசிச் சுற்றில் உண்மையாகவே கத்த வேண்டிய இடத்தில் மேலே போகக் குரலில் படியே இல்லை. அதன் பிறகு, தொடக்கத்தைக் கணக்கு வாசிக்கிற குரலில் சொல்லப் பழகினேன்.

எல்லைத் தமிழனுக்கு மட்டும் வாய்க்கும் ஒரு தொல்லையையும் அந்த நாட்களில்தான் கண்டுபிடித்தேன். மலையாளத்தில் சாலைத் திருப்பத்துக்கு 'வளவு' என்று பெயர். எங்கள் பக்கத்துப் பேச்சிலும் அது கலந்துவிட்டது. தூத்துக்குடிக்காரருக்கோ வளவு என்றால் பல குடும்பங்கள் குடியிருக்கும் வீட்டு வளாகம். ஒரு பந்தயத்தில் "நான்காவது வளவுக்குள்ளே மூன்று கார்கள் ஒன்றாக நுழைகின்றன" என்று நான் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்ல, அவர் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே குரல் இணைப்பில், "அண்ணே, உள்ள ஆச்சி முறுக்குக் காயப் போட்டிருப்பாவ, பாத்துப் போகச் சொல்லுங்க" என்றார். பந்தயமே ஒரு சுற்று நின்றுபோகும் அளவுக்குச் சிரித்தார்கள். அன்றிலிருந்து மேசையில் 'வளைவு' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். இன்றும் அவசரத்தில் வளவு வருகிறது.

பொதுவாகவே சொற்களைப் பற்றி ஒரு தகராறு உண்டு. எல்லாவற்றையும் தமிழாக்க வேண்டும் என்பவர்களும், எதற்கு வீண் வேலை என்பவர்களும் எனக்கு எழுதுகிறார்கள். என் அளவுகோல் மூச்சு. "ஓவர்டேக் பண்ணிவிட்டார்" என்பதைச் சொல்ல ஆகும் நேரத்தில் "முந்தினார்" என்று இரண்டு முறை சொல்லலாம், ஆகவே முந்தினார். பிரேக், டயர், பிட், மார்ஷல், சேஃப்டி கார் ஆகியவை அப்படியே இருக்கட்டும். லாரி ஓட்டுகிறவர் முதல் பஞ்சர் ஒட்டுகிறவர் வரை எல்லோருக்கும் தெரிந்த சொல்லை மாற்றி, கேட்பவரை அகராதிக்கு அனுப்ப நான் தயாராக இல்லை. பெயர்ச்சொல் எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம். வினைச்சொல்லைக் கடன் வாங்கினால் கூடவே 'பண்ணு' என்ற வாலையும் சேர்த்து இழுக்க வேண்டியிருக்கிறது.

இனி அவமானத்துக்கு வருகிறேன். 2022 ஆடி மாதம், செட்டிபாளையத்தில் ஓர் உள்ளூர் மன்றத்தின் ஒருநாள் பந்தயம். வழக்கமாக மைக் பிடிப்பவர் வரவில்லை என்று தெரிந்தவர் ஒருவர் மூலம் என்னைக் கூப்பிட்டார்கள். ஒத்தக்கால்மண்டபம் வழியாகப் பைக்கில் போனேன். கரி ஸ்பீட்வே 2003இல் திறக்கப்பட்டது; 2.1 கி.மீ. நீளம். இந்தியப் பந்தயக் கார்களைத் தாமே வடிவமைத்துக் கட்டி, 1995இல் விமான விபத்தில் இறந்துபோன எஸ். கரிவரதனின் பெயர் அதற்கு. எத்தனையோ முறை சீட்டு வாங்கி உட்கார்ந்து பார்த்த இடத்தில் அன்று மேலே இருந்து பார்த்தேன், கால் நடுங்கியது.

முதலில் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் வருகிற காற்றைப் பற்றி இந்தப் பக்கத்தவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மியையே பறக்க வைப்பதாகப் பெயர் வாங்கிய காற்றுக்கு மைக் எம்மாத்திரம்? பஞ்சு உறை இல்லாத மைக் அது. நான் பேசியதைவிடக் காற்று பேசியதுதான் அதிகம் கேட்டது. ஒலிபெருக்கிக்காரர் தம் கால் உறையில் ஒன்றைக் கழற்றி மைக்குக்கு மாட்டினார். அது துவைத்ததா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. அடுத்தது எதிரொலி. ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகிறது. தடத்தின் மறுகோடியில் இருக்கும் ஒலிபெருக்கியிலிருந்து என் சொல் எனக்கே ஒரு வினாடி தாமதமாகத் திரும்பி வந்தது. தன் குரலையே தாமதமாகக் கேட்கிறவனுக்கு நாக்கு தானாகவே இழுக்கத் தொடங்கிவிடும், குடித்தவன் மாதிரி. காதை அடைக்கும் ஹெட்ஃபோன் இல்லாமல் இப்போது நான் எங்கும் போவதில்லை. கால் உறை வேண்டாம் என்பதற்காகப் பஞ்சு உறையும் இரண்டு வைத்திருக்கிறேன்.

மதியம் இரண்டு பிரிவுகளைச் சேர்த்து ஒரே பந்தயமாக ஓட்டினார்கள். வந்த கார்கள் குறைவு, அதனால்தான். கடைசி மூன்று சுற்றில் இரண்டு வெள்ளைக் கார்கள் முட்டிக்கொண்டு வந்தன. எனக்குக் கிடைத்தது பார் வாய்ப்பு என்று, ஏலக்காரன் மகன் பாணியில் வினைகளை முன்னால் வீசி, கூட்டத்தை எழுந்து நிற்க வைத்துவிட்டேன். முடிவுக் கோட்டை அரைக் காரின் நீள வித்தியாசத்தில் ஒன்று முதலில் தாண்டியது. தொண்டை கிழியக் கத்தினேன். பிறகுதான் பக்கத்தில் இருந்த நேரக் கணக்காளர் தாளில் விரலை வைத்துக் காட்டினார்: இரண்டும் வெவ்வேறு பிரிவு. அவர்களுக்குள் போட்டியே இல்லை. ஒருவர் மற்றவரை வழியில் சந்தித்திருக்கிறார், அவ்வளவுதான். இரண்டாவது பிரிவில் உண்மையான வெற்றி இருபது வினாடிகளுக்கு முன்பே, நான் கவனிக்காத ஒரு சிவப்புக் காருக்குப் போயிருந்தது.

பத்து நிமிடம் கழித்து, ஐம்பது வயதிருக்கும் ஒருவர் படியேறி வந்தார். வேட்டி, தோளில் துண்டு. உடுமலைப் பக்கம் என்று பேச்சில் தெரிந்தது. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "தம்பி, நல்லாத்தானுங்க பேசுனீங்க" என்றார். "செகப்பு வண்டி எம்பட பையனுதுங்க. மொத தடவ ஜெயிக்கறான். அவங்கம்மா வீட்ல இருந்து போனுல கேட்டுட்டு இருந்தா. அவன் பேரு ஒருக்கா வந்திருந்தா நல்லாருந்துருக்கும்." அவ்வளவுதான் சொன்னார். பரிசளிப்பில் அந்தப் பெயரை நான்கு முறை சொன்னேன். ஆனால் போன் அதற்குள் வைக்கப்பட்டுவிட்டது.

இப்போது எந்தப் பந்தயத்துக்கும் முதல் நாள் இரவு ஒரு பெரிய சார்ட் தாள் தயாரிக்காமல் நான் தூங்குவதில்லை. பெரிய பந்தயங்களுக்கு ஆண்டி பிளாக்மோர் வரைந்து வெளியிடும் ஸ்பாட்டர் கைடு போல ஒவ்வொரு காரையும் அதன் நிறத்தோடு அழகாக வரைய எனக்குக் கை வராது. ஸ்கெட்ச் பேனாவால் கட்டம் போட்டு, எண், நிறம், பிரிவு, ஓட்டுநர் பெயர், ஊர், அவரைப் பற்றி ஒரே ஒரு சேதி என்று எழுதிக்கொள்கிறேன். பிரிவுக்கு ஒரு வண்ணம். பெயரை ஓட்டுநரிடமே கேட்டு, அவர் உச்சரிக்கிறபடி தமிழில் எழுதிக்கொள்வது முக்கியம். கேரளத்து ஓட்டுநர்களிடம் வீட்டுப் பெயரையும் சேர்த்துச் சொல்லட்டுமா என்று கேட்டால் மகிழ்ந்து போகிறார்கள். அந்த ஒரு சேதி, கார்கள் பரவி ஓடும் மந்தமான நடுப்பகுதியில் கைகொடுக்கும். 2009இல் லு மானில் ஓட வேண்டிய நம் கோவை நரேன் கார்த்திகேயன், பந்தயத்துக்குச் சற்று முன்பு பிட் மதிலிலிருந்து குதித்தபோது தோள்மூட்டு விலகி ஓட முடியாமல் போனதும், அவருடைய காரை மீதி இருவரே 24 மணி நேரமும் மாறி மாறி ஓட்டி முடித்ததும் அப்படிப்பட்ட சேதி. அந்த இருவரில் ஒருவர் ஆண்ட்ரே லாட்டரர். அவருக்கு அதுதான் முதல் லு மான், பிறகு மூன்று முறை வென்றார். மூன்றாண்டு கழித்து 2012இல் சென்னையின் கருண் சந்தோக் லு மானில் ஓடிய முதல் இந்தியர் ஆனார்; அவரது கார் ஆறாவதாக வந்தது. அவர் இன்று ஆங்கிலத் தொலைக்காட்சியில் பந்தயத்தை விளக்கும் குரல்களில் ஒருவர் என்பதில் எனக்கு ஓர் அற்பப் பெருமை உண்டு.

கண் தடத்தில் பாதி, டைமிங் திரையில் பாதி. இந்தப் பழக்கம் வருவதற்கு எனக்கு ஓராண்டு ஆனது. தடம் சொல்வது இப்போது நடப்பதை; திரை சொல்வது நடக்கப் போவதை. ஊதா நிறத்தில் ஒரு நேரம் வந்தால் அந்தப் பகுதியில் அதுவரை யாரும் அவ்வளவு வேகமாக ஓடவில்லை என்று பொருள். பச்சை என்றால் அவரவர் சொந்தச் சாதனை. முதல் காருக்கும் இரண்டாவதற்கும் 12 வினாடி இடைவெளி, சுற்றுக்கு 0.8 வினாடி குறைகிறது என்றால் பதினைந்து சுற்றில் பிடித்துவிடும். மீதி இருப்பது பதினெட்டுச் சுற்று என்றால் கதை இருக்கிறது. முன்னால் இருப்பவர் எரிபொருளுக்கோ டயருக்கோ இன்னும் ஒரு முறை பிட்டுக்கு வந்து நிற்க வேண்டும் என்றால் அந்தக் கதை ஏற்கெனவே முடிந்துவிட்டது, யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். நீண்ட பந்தயத்தில் யார் ஓட்டுகிறார் என்பதும் சேர்ந்துகொள்கிறது. எல்எம்ஜிடி3 பிரிவில் ஒவ்வொரு காரிலும் வெண்கலத் தரம் என்று வகைப்படுத்தப்பட்ட ஓட்டுநர் ஒருவராவது இருந்தாக வேண்டும். பெரும்பாலும் தொழிலதிபர், சொந்தக் காசில் ஓட்டுகிறவர். அவர் உள்ளே இருக்கும்போது அந்தக் கார் பின்தங்குவது தோல்வி ஆகாது. எதிரணி தன் வெண்கல ஓட்டுநரை எப்போது களத்தில் இறக்கும் என்பதுதான் கேள்வி. மண்டிக் கணக்கு எழுதுகிறவனுக்கு இதெல்லாம் பிடித்துப்போவதில் வியப்பில்லை.

விபத்து நடக்கும்போது மட்டும் கணக்கும் கிடையாது, வேகமும் கிடையாது. 2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் மூத்த ஓட்டுநர் கே. இ. குமார் விபத்தில் இறந்தார். நான் அன்று அங்கே இல்லை. ஆனால் அந்தச் செய்தியைப் படித்த இரவு, நான் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று நெடுநேரம் யோசித்தேன். ஓட்டுநரின் வீட்டார் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்பதை உடுமலைக்காரர் எனக்கு வேறொரு விதத்தில் சொல்லித் தந்திருந்தார். இப்போது கார் மோதினால், எண்ணை உடனே சொல்வதில்லை. சிவப்புக் கொடி காட்டப்பட்டிருக்கிறது, மார்ஷல்கள் அங்கே போய்விட்டார்கள், மருத்துவ வண்டி நகர்கிறது என்று கண்ணால் பார்த்ததை மட்டும் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். ஓட்டுநர் தானே இறங்கி நின்ற பிறகுதான் பெயர். ஒரு முறை அந்த மௌனம் நான்கு நிமிடம் நீண்டது. அமைப்பாளர் ஒருவர் ஓடி வந்து, மைக் கெட்டுவிட்டதா என்று கேட்டார்.

காசு பற்றிக் கேட்கிறார்கள். முதல் ஆண்டு சாப்பாடும் தொப்பியும். இப்போது பெட்ரோல் போக மண்டிக்கு ஒருநாள் விடுப்புப் போட்டதை ஈடுகட்டும் அளவுக்குக் கிடைக்கிறது. இதை வைத்துக் குடும்பம் நடத்தலாம் என்று யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

போன மாதம் பெரியப்பாவை ஒரு பந்தயத்துக்கு அழைத்துப் போனேன். வெயிலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். திரும்பும்போது பைக்கின் பின்னால் இருந்து, "வண்டி ஓடறது ஒண்ணும் வெளங்கல கண்ணு. ஆனா அந்தப் பச்ச வண்டி ரண்டாவது கூட்டத்துல மொதலாவது வந்துச்சுன்னு மட்டும் நல்லாத் தெரிஞ்சுது" என்றார். அவருக்குப் பிரிவு என்ற சொல் வரவில்லை, கூட்டம் என்றார். அடுத்த பந்தயத்தில் ஒரு முறை அப்படியே சொல்லிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

வருகிற ஞாயிறன்று நான்கு மணி நேரப் பந்தயம் ஒன்று இருக்கிறது. பதினெட்டுக் கார்கள், மூன்று பிரிவுகள். சார்ட்டில் பாதி முடிந்துவிட்டது. 11க்கும் 17க்கும் ஒரே வெள்ளை, ஒரே சக்கரம், கண்ணாடியில் ஒரே விளம்பரப் பட்டை; பிரிவு வேறு. 17இன் அணிக்குப் போன் செய்து, பக்கக் கண்ணாடி இரண்டிலும் மஞ்சள் டேப் சுற்ற முடியுமா, டேப்பை நானே வாங்கி வருகிறேன் என்று கேட்டேன். ஓட்டுநரைக் கேட்டுச் சொல்வதாக அவர்களின் மேலாளர் சொல்லியிருக்கிறார்.